அனுபவமுள்ள எழுத்தாளர் ஒருவரிடம் நேரில் பழகி எழுதக் கற்றிருக்கிறீர்களா? என்ன கற்றீர்கள்?

பழகியிருக்கிறேன். ஆனால் அவர் சொல்லிக்கொடுத்தது குறைவு, அடித்துக் காட்டியதுதான் அதிகம். பேனாவால்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தார், தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர், சிற்றிதழ்களில் கதை எழுதுவார். (பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது.) பத்திரிகைகள் கேட்கிற மாதிரியே தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, மார்ஜின் விட்டு, 14 பக்கக் கதையைப் பவ்யமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே கோடு இழுத்துவிட்டு மூன்றாம் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அந்த இரண்டு பக்கத்தில்தான் அந்திச் சூரியனும் தாமிரபரணியும் இருந்தன!

கதையில் அம்மா பலசரக்குக் கடையில் கடன் சொல்லி அரிசி வாங்குகிற இடம் ஒன்று வரும். 'அவமானத்தால் கூனிக் குறுகினாள்' என்று எழுதியிருந்தேன். அங்கே பேனாவை வைத்துக்கொண்டு, "இது ஒங்க வீட்ல நடந்ததாடே?" என்றார். ஆமாம் சார் என்றேன். "அப்போ அம்மா கை என்ன செஞ்சுது?"

கொஞ்ச நேரம் யோசித்தேன். காலிப் பையை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள், கடைக்காரர் நோட்டை எடுக்கிறவரை அதையேதான் செய்துகொண்டிருந்தாள். சொன்னேன். "அதை எழுது, கூனிக் குறுகினதை எடுத்துரு" என்றார். இருபத்தைந்து வருஷமாக எதை எழுத உட்கார்ந்தாலும் ஆட்களின் கை எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

பழக்கம் என்று கேட்டால், காலை 5 மணிக்கு உட்காருவார், பால்காரர் மணி அடித்ததும் வாக்கியம் பாதியில் நின்றாலும் மூடி வைத்துவிடுவார். மறுநாள் தொடங்க ஒரு நுனி வேண்டுமாம். அடுத்து என்ன வரும் என்று தெரியும்போதே நிறுத்திவிடுவேன் என்று அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயும் 1958இல் 'பாரிஸ் ரிவ்யூ' இதழின் பேட்டியில் சொல்லியிருப்பதைப் பிற்பாடு படித்தபோது சிரிப்பு வந்தது, சார் இங்கிலீஷ் பக்கமே போகாதவர். ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தை 39 தடவை திருத்தி எழுதியதாகவும் அதே பேட்டியில் இருக்கிறது. சார் அவ்வளவு போக மாட்டார், மூன்று படி. மூன்றாவதை வாய்விட்டுப் படிப்பார், நாக்கு இடறுகிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி.

எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. சிரிக்க வைக்கிற கதையெல்லாம் கதையே இல்லை என்பார், அதில் இன்றுவரை எனக்கு உடன்பாடு கிடையாது.

சரி, அந்தக் கதை. என் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டி நானே கூட வைத்து அனுப்பிய உறையில் இரண்டு தடவை திரும்பி வந்தது, மூன்றாவது இதழ் போட்டது. பை மடிக்கிற வரி அப்படியே இருந்தது, தலைப்பைத்தான் மாற்றிவிட்டார்கள். கொதித்துப்போய் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தலைப்பு நல்லாத்தானே இருக்கு."