டையோடு போட்டா பல்ப் எரியல, கடையில ஏமாத்திட்டாங்களா?

கேள்வி: வணக்கம் அண்ணே. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கேன், ஐந்தாம் படிவம், பிசிக்ஸ் எடுக்கிறேன். பட்டணத்துல ஒரு கடையில 1என்4007 டையோடு ஒரு பாக்கெட் வாங்கினேன். ஒரு 1.5 வோல்ட் பேட்டரியில டார்ச் பல்ப் மங்கலா எரியுது, நடுவுல டையோடு வெச்சா சுத்தமா எரியல, திருப்பி வெச்சும் பார்த்துட்டேன், பாக்கெட்ல உள்ள எல்லாத்தையும் மாத்தியாச்சு. கெட்டுப்போன சரக்கா? திருப்பிக் கொடுத்துட்டு காசு கேக்கவா?

பதில்: பொறு தம்பி, இப்பவே கடைக்குப் போகாத. ஒரு பாக்கெட் முழுக்க கெட்டுப் போறது ரொம்ப அபூர்வம், உன் பேட்டரிதான் பத்தல. சிலிகான் டையோடு கரண்ட்ட விடுறதுக்கே ஏறக்குறைய 0.7 வோல்ட் எடுத்துக்கும். 1.5ல அது போனா மிச்சம் 0.8, அதுல டார்ச் பல்ப் எங்க எரியும்? "டையோடு கரண்ட்ட ஒரு பக்கம் விடும், மறுபக்கம் தடுக்கும்"னு மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு இந்த 0.7ஐ நிறைய பிள்ளைங்க விட்டுடுறாங்க, எனக்கு அது உண்மையிலேயே வருத்தமா இருக்கு.

அந்த 0.7 எதுக்குன்னா, டையோடுக்குள்ள பி (P) பக்கமும் என் (N) பக்கமும் சேர்ற இடத்துல எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத காலி இடம்) ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து தீர்ந்துபோய், கரண்ட்ட கடத்த ஆள் இல்லாத ஒரு மெல்லிய அடுக்கு நிக்குது. பேட்டரியோட பாசிட்டிவ் பி பக்கம் இருந்தா அந்த அடுக்கு சுருங்கும், 0.7 கிட்ட வந்ததும் கரண்ட் மளமளன்னு ஏறிடும். மாத்தி கொடுத்தா ரெண்டு பக்கமும் விலகிப் போய் அடுக்கு இன்னும் அகலமாயிடும், அதான் தடுக்குது.

மூணு பேட்டரிய வரிசையா போடு, 4.5 வோல்ட் வரும், அதுல டையோடுக்கு 0.7 போக மிச்சம் 3.8, அதனால பல்ப் 3.8 வோல்ட்டுன்னு கேட்டு வாங்கு, கணக்கு சரியா நிக்கும். டையோடுல வெள்ளிக்கோடு போட்ட முனை நெகட்டிவ் பக்கம் இருக்கணும். எரியும் பாரு, திருப்பிப் போட்டா எரியாது.

அப்பவும் சந்தேகம்னா மல்டிமீட்டர (வோல்ட், கரண்ட் அளக்குற கருவி) டையோடு குறி போட்ட இடத்துக்குத் திருப்பி வெச்சு, சிவப்பு முனைய கோடு இல்லாத பக்கமும் கறுப்ப கோட்டுப் பக்கமும் தொடு. 0.5லருந்து 0.7 வரைக்கும் காட்டி, மாத்தித் தொட்டா ஓ எல் (OL, அளவு தாண்டிடுச்சுன்னு அர்த்தம்) இல்லன்னா வெறும் 1 வந்தா டையோடு நல்லா இருக்கு. ரெண்டு பக்கமும் சைபர் கிட்ட காட்டினாலோ ரெண்டு பக்கமும் ஓ எல் வந்தாலோ அது போச்சு, ரசீதோட கடைக்குப் போ, தாராளமா கேளு.

கேள்வி: சார், மகன் பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டுக்கு 1என்4007 கேக்குறான். கடையில 1என்4001 இருக்கு, கண்ணாடி மாதிரி குட்டியா 1என்4148ம் இருக்கு, எல்லாம் ஒண்ணுதான்னு சொல்றாங்க. எதை வாங்கலாம்?

பதில்: ஒண்ணு இல்லம்மா. 4001ம் 4007ம் 1 ஆம்பியர் தாங்கும், ஆனா பாசிட்டிவ், நெகட்டிவ்வ மாத்திக் கொடுத்தா வர்ற வோல்ட்ட 4001 வெறும் 50 வரைக்கும்தான் தடுக்கும், 4007 1000 வரைக்கும். பேட்டரி வேலைக்கு ரெண்டுமே போதும், விலை கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா 4007ஐயே வாங்கிடுங்க. கண்ணாடி 4148 சின்ன சிக்னலுக்கு, ஏறக்குறைய 0.2 ஆம்பியர்தான் தாங்கும், 0.3 ஆம்பியர் டார்ச் பல்ப்புக்கு அதைப் போடாதீங்க, சூடாகி போயிடும்.

இன்னொண்ணு, கண்டிப்பா சொல்லணும்: 1000 வோல்ட் தாங்குதேன்னு பையன் சுவத்துப் பிளக்ல சொருகிப் பார்க்கக் கூடாது. நம்ம வீட்டு 230 வோல்ட் உச்சத்துல 325 கிட்ட போகும், டையோடு தாங்கினாலும் கை தாங்காது. பேட்டரி வேணாம், அடாப்டர்தான் வேணும்னா சிரிம் (SIRIM, மலேசியத் தர முத்திரை) லேபிள் ஒட்டினதா பார்த்து வாங்குங்க, லேபிள் இல்லாதத பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேணாம்.