ஐந்து மாதத்தில் மூன்றே பேர்: விற்கப் போட்ட வீட்டைப் பார்க்க ஆள் வராதது ஏன்?

கிள்ளானிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். விற்க வேண்டியது கோலாலம்பூர் செந்தூலில் அவருடைய அப்பா 1994இல் வாங்கிய இரட்டை மாடி வரிசை வீடு, நிரந்தர உரிமை நிலம். அப்பா இரண்டு ஆண்டுகளுக்கு முன் தவறிவிட்டார், உயில் எழுதவில்லை. இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தரும் நிர்வாக உரிமைக் கடிதம், அதாவது எல்லோரும் எல்.ஏ. என்று சொல்வது, அம்மா பெயரில் கிடைத்துவிட்டது. அம்மா இப்போது மகளோடு இருக்கிறார், வீடு பூட்டிக் கிடக்கிறது. 780,000 ரிங்கிட் விலை சொல்லி நான்கு ஏஜென்டுகளிடம் கொடுத்து ஐந்து மாதமாகிறது. பார்க்க வந்தவர்கள் மூன்று பேர்தான். சமையலறையை 35,000 ரிங்கிட்டில் புதிதாக்கினால் ஆள் வரும் என்கிறார் அண்ணன். வீடு தெற்குப் பார்த்திருப்பதுதான் காரணம் என்கிறார் அக்கா. "நாங்கள் எதைச் செய்வது?" என்று கேட்கிறார்.

சகோதரி, முதலில் அண்ணனிடம் சொல்லுங்கள், சமையலறையைத் தொட வேண்டாம். இருபது பேர் வந்து பார்த்துவிட்டு ஒருவரும் விலை பேசாமல் போனால் குறை வீட்டுக்குள் இருக்கிறது. ஆளே வரவில்லை என்றால் வீட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பழைய சமையலறையைப் பார்த்து மனம் மாற, அதைப் பார்க்க ஒருவர் வந்திருக்க வேண்டுமே. உங்கள் வீட்டை வேண்டாமென்று தள்ளியவர்கள், அந்த மூன்று பேர் தவிர, எல்லோரும் கைபேசித் திரையிலேயே தள்ளிவிட்டார்கள். ஆகவே அந்தத் திரையில் என்ன தெரிகிறது, ஏஜென்டுகள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள், இந்த இரண்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி. எல்.ஏ. கிடைத்துவிட்டது என்று எழுதினீர்கள். விற்பதற்கு உயர்நீதிமன்ற அனுமதி வாங்கினீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1959ஆம் ஆண்டு உயில், சொத்து நிர்வாகச் சட்டத்தின் 60வது பிரிவுப்படி, எல்.ஏ. வைத்திருக்கும் நிர்வாகி நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் நிலத்தையோ வீட்டையோ விற்க முடியாது. எல்.ஏ. வந்தவுடன் வேலை முடிந்தது என்று நினைத்துவிடும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அனுபவமுள்ள ஏஜென்ட் முதல் அழைப்பிலேயே "கிராண்ட் யார் பெயரில்?" என்று கேட்பார், அதாவது நிலப் பட்டா. இறந்தவர் பெயரில், நீதிமன்ற அனுமதியும் இல்லை என்று தெரிந்தால், அவசரமாக வீடு தேடும் வாடிக்கையாளரை அங்கே கூட்டி வரமாட்டார். வழக்கமாக ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று மாதம், கூட ஒரு மாதம் என்று கைமாறும் வீடு, இந்த நிலையில் எப்போது முடியும் என்று அவரால் உறுதி சொல்ல முடியாது. உங்கள் வீட்டுக்கு ஆள் வராததற்கு இதுவே பாதிக் காரணமாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இந்த வாரமே உங்கள் வழக்கறிஞரைக் கூப்பிட்டு, விற்பனை அனுமதிக்கான மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். பங்குள்ள எல்லோரும் விற்கச் சம்மதம் என்று எழுத்தில் கொடுத்தால் மனு சுலபமாக நகரும். 1958ஆம் ஆண்டு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி, அப்பாவின் பெற்றோர் உயிரோடு இல்லை என்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மீதி மூன்றில் இரண்டு பங்கு. பாட்டியோ தாத்தாவோ அப்பாவுக்குப் பின்னும் இருந்திருந்தால் கணக்கு வேறு. விலை முதல் சாமான் வரை எல்லோருக்கும் ஒரே முடிவு இருக்கட்டும். வாங்க வருபவர் முன்னால் உடன்பிறப்புகள் ஆளுக்கொரு விலை சொன்னால் அவர் திரும்பி வரமாட்டார். அனுமதி வாங்கியாகிவிட்டது என்றால் அதை விளம்பரத்திலேயே போடச் சொல்லுங்கள்.

இனி விலை. பக்கத்து வீட்டுக்காரர் 800,000 கேட்கிறார், நாம் 780,000 கேட்டால் மலிவுதானே என்று நினைத்திருக்கிறீர்கள். கேட்கிற விலை ஒருவருடைய ஆசை. கைமாறிய விலைதான் சந்தை. ஜேபிபிஎச் என்று நாம் சொல்லும் மதிப்பீட்டுத் துறையின் கீழ் நாப்பிக் என்ற தேசியச் சொத்துத் தகவல் மையம் இருக்கிறது. முத்திரை வரி கட்டிப் பதிவான விற்பனைகளின் விவரங்களை அது வெளியிடுகிறது. உங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், கடந்த ஒன்றிரண்டு ஆண்டில் உங்கள் வீட்டைப் போன்ற வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று பாருங்கள். மூலை வீட்டையும் நடு வீட்டையும் ஒப்பிடாதீர்கள்.

அதைவிட முக்கியமானது வங்கியின் மதிப்பீடு. ஏஜென்டுகள் வங்கிக்கு மதிப்பீடு செய்து கொடுக்கும் நிறுவனங்களைத் தொலைபேசியில் அழைத்து "இந்த வீடு எவ்வளவு வரும்?" என்று வாய்மொழியாகக் கேட்டுவிடுவார்கள். அதை வெர்பல் என்பார்கள். ஒரு பேச்சுக்கு 690,000 வந்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வீட்டுக் கடன்களுக்கு வங்கி 90 விழுக்காடு வரை கொடுக்கும். ஆனால் நீங்கள் கேட்கும் 780,000இல் அந்த 90ஐக் கணக்கிடாது. விலை, மதிப்பீடு இரண்டில் குறைந்ததில்தான் கணக்கிடும். 690,000க்கு 621,000 கடன். வாங்குபவர் மீதி 159,000 ரிங்கிட்டைக் கையிலிருந்து வைக்க வேண்டும். உரிமை மாற்றத்துக்கான முத்திரை வரி முதல் 100,000க்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000க்கு 2, அதற்கு மேல் பத்து லட்சம் வரை 3 என்று ஏறும். 780,000க்கு அது மட்டும் 17,400. வழக்கறிஞர் கட்டணம் தனி. இவ்வளவு ரொக்கம் வைத்திருப்பவர் செந்தூலில் வரிசை வீட்டைத்தான் பார்ப்பாரா? அதே வீடு 690,000 என்றால் முன்பணம் 69,000. சம்பளம் வாங்கும் ஒரு தம்பதியால் எட்டிப் பிடிக்கக்கூடிய தொகை. மூன்றாவது வீட்டுக் கடன் எடுப்பவருக்கு 70 விழுக்காடுதான் கிடைக்கும், ஆகவே முதலீட்டுக்கு வாங்குபவர் இன்னும் கணக்குப் பார்ப்பார்.

நான்கு ஏஜென்டுகளும் இந்தக் கணக்கை முதல் வாரமே போட்டிருப்பார்கள். அதனால்தான் அமைதியாக இருக்கிறார்கள். "விலையைக் குறைங்க" என்று ஒருவர் சொன்னதாக எழுதினீர்கள். காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் உங்களுக்கு மனவருத்தம் இருந்திருக்காது. அவரைக் கூப்பிட்டு, மூன்று நிறுவனங்களில் வெர்பல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்த மூன்றில் உயர்ந்ததை ஒட்டி விலை வையுங்கள். பின்பக்கச் சமையலறை நீட்டியது கோலாலம்பூர் மாநகர மன்றமான டிபிகேஎல்லின் அனுமதியோடுதானா என்பதையும் தேடிப் பாருங்கள். அனுமதி இல்லாத நீட்டலை மதிப்பீட்டில் சேர்ப்பார்கள் என்று நம்ப முடியாது.

விலையைக் குறைப்பதானால் ஒரே தடவையில் குறையுங்கள். மாதம் 10,000 வீதம் குறைத்துக்கொண்டே போனால், இன்னும் இறங்கும் என்று பார்ப்பவர் காத்திருப்பார். இன்னொன்று, இணையத்தில் தேடுபவர்கள் "700,000 வரை" என்று எல்லை போட்டுத் தேடுகிறார்கள். அவர்களுக்கு 705,000 வீடு கண்ணில் படவே படாது. 698,000 படும். பேரம் பேச இடம் வேண்டும் என்று 80,000 ஏற்றி வைத்திருப்பதாக எழுதினீர்கள். பேரம் பேசவே ஆள் வராதபோது அந்த இடம் யாருக்கு?

ஏஜென்ட் விஷயத்துக்கு வருவோம். நான்கு பேரிடம் கொடுத்தால் நான்கு மடங்கு வேலை நடக்கும் என்று தோன்றும். நடப்பது வேறு. ஒரே வீடு 780,000, 760,000 என்று வெவ்வேறு விலையில், வெவ்வேறு படங்களோடு திரும்பத் திரும்ப வருகிறது. பார்க்கிறவர் "இந்த வீட்டில் ஏதோ இருக்கிறது" என்று முடிவுகட்டிவிடுவார். வேறொருவர் விற்றுவிட்டால் செலவு வீண் என்பதால் நால்வரில் ஒருவரும் நல்ல படம் எடுக்கவோ, விளம்பரத்தை மேலே தூக்கப் பணம் கட்டவோ மாட்டார். ஒருவரைத் தேர்ந்து மூன்று மாதத்துக்குத் தனி நியமனம் கொடுங்கள், காலக்கெடுவை எழுத்தில் போட்டு. ரென் எண், அதாவது ஏஜென்டின் பதிவு எண், கொண்ட அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணை ஏஜென்டுகளைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். கட்டணம் உச்சபட்சம் 3 விழுக்காடு, அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரி. இதை 1 விழுக்காட்டுக்கு இறக்கப் பேரம் பேசாதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. வாங்குபவரைக் கையில் வைத்திருக்கும் வேறு ஏஜென்டுக்கு இதில்தான் பாதி போகும். பாதியில் ஒன்றுமில்லை என்றால் அவர் தன் ஆளை அடுத்த தெருவுக்குக் கூட்டிப்போவார். வாராவாரம் எத்தனை பேர் விளம்பரத்தைப் பார்த்தார்கள், எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் நேரில் வந்தார்கள் என்று மூன்று எண் கேட்டு வாங்குங்கள். பார்ப்பவர் அதிகம், அழைப்பு இல்லை என்றால் விலையோ படமோ தவறு. அழைப்பு இருந்தும் நேரில் வரவில்லை என்றால் சாவியும் நேரமும் தடையாக இருக்கின்றன.

சாவியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? ரவாங்கில் அண்ணனிடம், ஞாயிறு மாலை மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். வீடு தேடுபவர்கள் சனிக்கிழமை காலையில் ஒரே சுற்றில் நாலைந்து வீடு பார்ப்பார்கள். அந்தச் சுற்றில் இல்லாத வீடு அவர்கள் நினைவிலும் இல்லை. ஒரு சாவியை ஏஜென்டிடம் கையொப்பம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். நகை, பத்திரம் எதுவும் வீட்டில் இருக்க வேண்டாம்.

மின்சாரத்தை வெட்டிவிட்டீர்களா? தயவுசெய்து மறுபடி போடுங்கள். கைபேசி வெளிச்சத்தில் வீடு பார்த்தவர் சுவரின் கறையை மட்டும்தான் நினைவில் வைத்திருப்பார். தண்ணீரும் ஓட வேண்டும். வாரம் ஒருமுறை யாராவது போய்ச் சன்னல்களைத் திறந்து, குழாய்களைத் திறந்துவிட்டு, புல் வெட்டி, போர்ச்சைக் கழுவட்டும். பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை வாசலிலேயே ஆளைத் திருப்பி அனுப்பிவிடும். செலவழிக்க 35,000 இருந்தால் அதில் ஒரு சிறு பகுதியைக் கூரை ஒழுகலுக்கும், கரையான் பார்ப்பதற்கும், எல்லா அறையிலும் நல்ல விளக்குக்கும் போடுங்கள். மீதி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

படங்களைப் புதிதாக எடுங்கள். நீங்கள் அனுப்பிய இணைப்பில் முதல் படமே பூட்டிய கேட்டும் அதன் பின்னால் குப்பைத் தொட்டியும். மழை வரும் முன், காலை பத்து மணி வாக்கில், திரைச்சீலைகளை எல்லாம் விலக்கி, கைபேசியைக் கிடையாகப் பிடித்து எடுங்கள். முதல் படம் வெளிச்சமான ஹாலாக இருக்கட்டும். நிரந்தர உரிமை என்பதையும், எல்ஆர்டி ரயில் நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்பதையும் முதல் இரண்டு வரிகளிலேயே சொல்லுங்கள். நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஒரு தமிழ் வரியும் சேருங்கள். தண்டாயுதபாணி கோயிலும் தமிழ்ப்பள்ளியும் பக்கத்தில் என்பதற்காகவே செந்தூலில் வீடு தேடும் குடும்பங்கள் உண்டு.

தெற்கு வாசலைப் பற்றி அக்கா கவலைப்படுவது புரிகிறது. அதை மாற்ற முடியாது, மறைக்கவும் வேண்டாம். விளம்பரத்தில் திசையைப் போட்டுவிடுங்கள். திசை பார்க்கிறவர் வரமாட்டார், பார்க்காதவர் வருவார். எத்தனையோ தெற்குப் பார்த்த வீடுகள் நல்ல விலைக்குப் போயிருக்கின்றன.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 1994இல் வாங்கியது, ஆகவே சொத்து இலாப வரி வராது என்று அண்ணன் சொன்னாராம். குடிமக்கள் ஆறாம் ஆண்டிலிருந்து விற்றால் வரி இல்லை என்பது 2022 முதல் உள்ள நிலைதான். ஆனால் இறந்தவரின் சொத்தில் வாங்கிய நாளையும் விலையையும் வேறு விதமாகக் கணக்கிடுவார்கள். விலையை முடிவு செய்யும் முன் வழக்கறிஞரிடம் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அனுமதி கையில் இருந்து, விலையும் படமும் சரியாகி, சாவி ஏஜென்டிடம் போன பிறகு நான்கு வாரம் பொறுங்கள். அதற்குள் ஏழெட்டுப் பேராவது நேரில் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் வெர்பலை மறுபடி எடுத்து விலையைப் பாருங்கள். வந்தும் யாரும் விலை கேட்கவில்லை என்றால், அப்போது அண்ணனின் சமையலறை யோசனையைப் பற்றிப் பேசலாம்.

கடைசியாக அம்மா. ஹாலில் மாலை போட்ட அப்பாவின் படமும் சாமி மேடையும் அப்படியே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உள்ளே வருபவர் துக்க வீட்டுக்குள் நுழைந்ததுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இரண்டு அறை பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் நீங்களாக அவற்றைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுவிடாதீர்கள். ஒரு நல்ல நாளில் அம்மாவை அழைத்துப் போங்கள். அவர் கையால் விளக்கேற்றிக் கும்பிட்டு, சாமியையும் அப்பா படத்தையும் அவரே எடுத்துக்கொண்டு வரட்டும். கிள்ளான் வீட்டில் அவற்றுக்கு இடம் தயாராக இருக்க வேண்டும். புதிய படங்களை அதற்கு மறுநாள் எடுங்கள்.