ஷாஃப்ட்டில் எம்.பி.ஐ (காந்தமேற்றி, காந்தப் பவுடர் ஊற்றி விரிசல் தேடும் சோதனை) செய்தால் விரிசல் இல்லாத இடத்திலும் கோடு விழுகிறதே, எப்படித் தவிர்ப்பது?

கீவே (சாவிக்கட்டை உட்காரும் பள்ளம்) வெட்டிய ஷாஃப்ட், யு.வி. ஒளியில் மின்னும் ஃப்ளோரசன்ட் பவுடர், அந்தப் பவுடர் கலந்த ஆயில் பாத் என்று எடுத்துக்கொள்கிறேன். முதலில் கிரைண்டரைக் கீழே வையுங்கள். தேய்த்தால் உலோகம் இழுபட்டு விரிசலின் வாய் அடைந்துபோகும். அப்புறம் அது பொய்யா மெய்யா என்று யாராலும் சொல்ல முடியாது.

துடைத்து, டீமேக் செய்து (காந்தத்தை நீக்கி), மறுபடி ஷாட் கொடுங்கள், அதாவது கரண்ட் பாய்ச்சிக் காந்தமேற்றுங்கள். காந்தமேறிய இரண்டு ஷாஃப்ட் உரசிக்கொண்டால் விழும் மங்கலான கிறுக்கல் இதிலேயே காணாமல் போகும். காந்தம் இல்லாமலே பவுடர் தங்கினால் அது ஸ்கேல், துரு, கிரீஸ், முரட்டு டூல் மார்க். பனியன் வேஸ்ட்டால் துடைக்காதீர்கள். அதன் நூல் யு.வி.யில் நீலமாக மின்னும். பவுடரின் நிறம் மஞ்சள் கலந்த பச்சை.

பாதித் தொல்லை கரண்ட்டால் வருவது. ஹெட் ஷாட்டுக்கு (ஷாஃப்ட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கரண்ட் பாய்ச்சுவது) விட்டத்தில் ஒரு மி.மீ.க்கு 12 முதல் 32 ஆம்பியர், அதாவது 50 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 600 முதல் 1600. “எதற்கும் இருக்கட்டும்” என்று 2500 வைத்தால் ஃபோர்ஜிங்கின் கிரெய்ன் ஓட்டம், அதாவது உலோகத்தின் இழைப்போக்குகூடக் கோடாகத் தெரியும், முனைகளில் பவுடர் மயிர்போல் நிற்கும். குறைத்தால் நிஜ விரிசலும் மறையுமே என்று ஒருவர் கட்டாயம் வருவார். உண்மைதான். அதனால்தான் க்யூ.க்யூ.ஐ ஷிம் (செயற்கைக் கீறல் போட்ட மெல்லிய தகடு) ஒட்டி, அதன் கோடு தெளிவாகத் தெரியும் அளவுக்கு மட்டும் குறைக்கச் சொல்கிறேன்.

கீவே மூலையில் டீமேக் செய்து மறுபடி ஷாட் கொடுத்தாலும் கோடு வரும். அங்கே காந்தப்புலம் நிஜமாகவே வெளியே கசிகிறது. விளிம்பு நெடுக ஒரே சீராக, மங்கலாக இருந்தால் பெரும்பாலும் வடிவத்தால் வந்தது. கூர்மையாக, விளிம்பை விட்டு விலகி ஓடினால் விடாதீர்கள். குவென்ச் விரிசல் (சூடான உலோகத்தைச் சட்டென்று குளிர்விக்கும்போது வருவது) பிறக்கும் இடமும் அதே மூலைதான். சந்தேகமானால் பவுடரை நன்றாகக் கழுவிவிட்டு பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறிக் காட்டிக்கொடுக்கும் சாயம்) போடுங்கள். அதில் ஒன்றும் வராவிட்டால் மேற்பரப்பில் திறந்த விரிசல் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

பாத்தை 30 நிமிடம் ஓடவிட்டு, 100 மி.லி. எடுத்து 60 நிமிடம் படியவிடுங்கள். படிவு 0.1 முதல் 0.4 மி.லி. அதற்கு மேல் போனால் பின்புலமே பளபளக்கும். படிவில் அழுக்கு, பவுடரின் 30 சதவீதத்தைத் தாண்டினால் பாத்தை மாற்றுங்கள்.

கேட்காததையும் சொல்கிறேன்: விலை உயர்ந்த யு.வி. டார்ச் வாங்கித் தருவார்கள், மீட்டர் கேலிபரேஷனுக்குக் காசு கேட்டால் மட்டும் முகம் சுருங்கும். பீஸின் மேல் சதுர செ.மீ.க்கு 1000 மைக்ரோவாட் யு.வி. விழுகிறதா, அறை வெளிச்சம் 20 லக்ஸுக்குள் இருக்கிறதா என்பதைக் கண்ணால் எப்படி அளப்பதாம்?