நியூயார்க் துப்பாக்கி லைசென்ஸ் நேர்காணல்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

நியூயார்க் மாநிலத்தில் கைத்துப்பாக்கியை மறைத்து உடன் எடுத்துச் செல்வதற்கான லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். 2022 செப்டம்பர் 1 முதல், அதிகாரி முன்னால் நேரில் உட்கார்ந்து பேசாமல் இந்த லைசென்ஸ் கிடையாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்த நேர்காணலைப் பற்றி நம்மவர்கள் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் பெயரில் பழைய வழக்கு ஏதாவது இருந்தால் முதலில் வக்கீலைப் பாருங்கள், அப்புறம் விண்ணப்பம் போடுங்கள்.

கேள்வி (குயின்ஸ்): சார், நான் நகைக்கடை வைத்திருக்கிறேன். ராத்திரி கடை மூடிவிட்டுப் பணத்தோடுதான் வீட்டுக்கு வருகிறேன். "உனக்கு எதற்குத் துப்பாக்கி?" என்று கேட்டால் என்ன ஆதாரம் காட்டுவது?

பதில்: முன்பு அதுதான் பெரிய சுவர். 1911-இல் வந்த சல்லிவன் சட்டத்தின் வழியில், மற்றவர்களுக்கு இல்லாத தனி ஆபத்து உங்களுக்கு இருக்கிறது என்று நிரூபித்தால்தான் லைசென்ஸ். அக்கம்பக்கத்தில் திருட்டு நடக்கிறது என்று சொன்னவருக்குக்கூட முழு லைசென்ஸ் தரவில்லை. அவர் தரப்பு போட்ட வழக்குதான் உச்ச நீதிமன்றம் வரை போய், 2022 ஜூன் 23 அன்று புரூயென் தீர்ப்பாக வந்தது. "தகுந்த காரணம் காட்டு" என்ற நிபந்தனை அதோடு போயிற்று.

ஆகவே "தற்காப்புக்கு" என்று சொன்னால் போதும். வங்கிச் சீட்டு, கடைக் கணக்கு எதுவும் அடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் அதிகாரி கேட்கலாம், கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். இப்போது அவர் பார்ப்பது காரணத்தை அல்ல, ஆளை. உங்களுக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து வராதபடி ஆயுதத்தை வைத்துக்கொள்ளும் குணமும் நிதானமும் புத்தியும் உங்களிடம் இருக்கிறதா என்றுதான் சட்டம் அவரைப் பார்க்கச் சொல்கிறது. "எவனாவது கடைக்குள் வரட்டும், ஒரு கை பார்க்கிறேன்" என்கிற தொனியில் ஒரு வார்த்தை வந்தாலும் அவர் குறித்துக்கொள்வார். குறித்துக்கொள்வதும் சரிதான்.

கேள்வி (ஆல்பனி பக்கம்): யார் கேள்வி கேட்பார்கள்? போலீஸா, ஜட்ஜா?

பதில்: ஊரைப் பொறுத்தது. நியூயார்க் நகரத்தில் போலீஸ் துறையின் லைசென்ஸ் பிரிவு. நாசோ கவுன்டியிலும் (கவுன்டி என்றால் மாவட்டம் மாதிரி) போலீஸ்தான். உங்கள் பக்கத்துக் கவுன்டிகள் பெரும்பாலானவற்றில் லைசென்ஸ் அதிகாரி ஒரு நீதிபதி. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வெளிக் கவுன்டியில் வாங்கிய லைசென்ஸ் நியூயார்க் நகரத்துக்குள் தானாகச் செல்லாது, நகரப் போலீஸ் கமிஷனரின் தனி அனுமதி வேண்டும். வார இறுதியில் மன்ஹாட்டன் வருகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி (லாங் ஐலண்ட்): அண்ணா, நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வயது 29, ஒரு வழக்கும் கிடையாது. விண்ணப்பிக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. எச்1பி, எல்1, எஃப்1 மாதிரி குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு என்று ஒரு விலக்கு உண்டு. அதை நம்பி நீங்களாக எதிலும் இறங்காதீர்கள்.

"வைத்திருப்பது" என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. ஆபீஸ் நண்பர்களோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் அதில் அடங்கும். நம் பிள்ளைகள் விளையாட்டாகப் போய், படம் எடுத்துப் போடுகிறார்கள். துப்பாக்கிக் குற்றம் நிரூபணமானால் நாடு கடத்துவதற்கு அதுவே காரணமாகலாம். அவ்வளவு கஷ்டப்பட்டு வந்த வாழ்க்கையை ஒரு மதியப் பொழுதுக்காகப் பணயம் வைக்காதீர்கள். கிரீன் கார்டு வந்த பிறகு, 21 வயது நிரம்பியிருந்தால், தாராளமாக விண்ணப்பிக்கலாம். குடியுரிமை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கேள்வி (பிராங்ஸ்): பல வருஷத்துக்கு முன்னால் ஒரு சண்டையில் என்னைக் கைது செய்தார்கள். கேஸ் தள்ளுபடியாகி, கோர்ட் ரெக்கார்டையே மூடி சீல் வைத்துவிட்டார்கள். "கைதானதில்லை" என்று எழுதலாம் என்கிறார் நண்பர்.

பதில்: நண்பர் சொல்வதைக் கேட்காதீர்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சீல் வைத்த கைதைச் சொல்ல வேண்டியதில்லை, அது உண்மை. துப்பாக்கி லைசென்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை. படிவம் "எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா" என்று கேட்கிறது. தள்ளுபடியானது, சீல் வைத்தது, வேறு மாநிலத்தில் நடந்தது எல்லாமே அதில் சேர்த்தி. உங்கள் கைரேகையை எடுத்துப் பார்க்கும்போது அவர்கள் கையில் அது வந்துவிடும்.

என் அனுபவத்தில் விண்ணப்பங்கள் விழுவது பழைய கைதால் அல்ல, அதை மறைத்ததால்தான். இருபது வயதில் நடந்த கைகலப்பை நாற்பது வயதுக்காரர் நேராகச் சொன்னால், கேட்கிறவருக்கும் அது பழைய கதைதான். மறைத்தால், நேற்று கையெழுத்துப் போட்ட படிவத்தில் நேற்றே பொய் சொன்னவர் ஆகிவிடுகிறீர்கள். படிவத்தில் பொய் எழுதுவது தனிக் குற்றம் வேறு.

செய்ய வேண்டியது: வழக்கு நடந்த கோர்ட்டுக்குப் போய், வழக்கு எப்படி முடிந்தது என்று காட்டும் முத்திரையிட்ட சான்றிதழை வாங்குங்கள். என்ன நடந்தது, எங்கே, யாரோடு, எப்படி முடிந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அந்த ஆளைத் திட்டி எழுதாதீர்கள். நேர்காணலில் வாயால் சொல்வதும் அந்தப் பக்கத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். அதிகாரி அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டுதான் கேட்பார்.

ஒரு எச்சரிக்கை. குடும்ப வன்முறையில் தண்டனை ஆகியிருந்தாலோ, உங்கள்மேல் கோர்ட்டின் பாதுகாப்பு ஆணை நடப்பில் இருந்தாலோ விஷயம் வேறு. அங்கே மத்தியச் சட்டமே குறுக்கே நிற்கும். வக்கீல் இல்லாமல் ஒரு அடியும் வைக்காதீர்கள்.

கேள்வி (ஸ்டேட்டன் ஐலண்ட்): நான்கு பேர் பெயர் கேட்கிறார்கள். மச்சான், சித்தப்பா பெயரைக் கொடுக்கலாமா? ஃபேஸ்புக் கணக்கையும் கேட்பார்களாமே?

பதில்: உங்கள் நடத்தைக்குச் சாட்சி சொல்லத்தான் அந்த நான்கு பேர். உங்கள் ஊர் அதிகாரியின் குறிப்பில் உறவினர் கூடாது என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூடும் என்றாலும் வெளி ஆட்களையே கொடுங்கள் என்பேன். பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்பவர், பிள்ளைகளின் கிரிக்கெட் பயிற்சியாளர் என்று உங்களை அன்றாடம் பார்க்கிறவர்களின் சொல்லுக்குத்தான் எடை அதிகம். பெயர் கொடுக்கும் முன் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து போலீஸ் கூப்பிட்டால் எடுக்காதவர்கள் நிறைய. அதிலேயே பல மாதம் ஓடிவிடும்.

மூன்று வருஷத்துச் சமூக வலைதளக் கணக்குகளைக் கேட்கும் விதியை நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை மறுபடி உறுதி செய்தது. நான்கு சாட்சிகளும் வீட்டில் இருப்பவர்களின் விவரமும் அப்படியே நிற்கின்றன. கணக்கைக் கேட்க முடியாது என்பதால் ஊரறிய எழுதியதைப் பார்க்கமாட்டார்கள் என்று அர்த்தமில்லை.

கேள்வி (நாசோ): அண்ணா, வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். இவர்களைப் பற்றியும் கேட்பார்களா?

பதில்: கேட்பார்கள். மனைவி பெயரும் தொடர்பு எண்ணும், வீட்டில் உள்ள மற்றப் பெரியவர்கள் யார், 18 வயதுக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா என்பதெல்லாம் சட்டப்படி நீங்கள் தர வேண்டிய விவரம். வேண்டுமென்றால் அவர்களோடும் பேசுவார்கள். ஆகவே மனைவிக்குத் தெரியாமல் விண்ணப்பிக்கும் யோசனை இருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள்.

நான் வகுப்பில் அதிக நேரம் செலவிடுவது இந்த இடத்தில்தான். "ராத்திரி துப்பாக்கி எங்கே இருக்கும்?" என்று கேட்பார்கள். "பத்திரமாக வைப்பேன்" என்பது பதில் இல்லை. இப்படிச் சொல்லத் தெரிய வேண்டும்: படுக்கையறை அலமாரிக்குள், மரச்சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி. எண் பூட்டு. எண் எனக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும், பிள்ளையின் பிறந்தநாள் அல்ல. தோட்டா வேறு பெட்டியில். இடுப்பிலிருந்து எடுத்தால் நேராகப் பெட்டிக்குள்தான், மேசைமேல் ஒரு நிமிஷம்கூட இல்லை. 18 வயதுக்குட்பட்டவர் இருக்கும் வீட்டில், உங்கள் கையை விட்டு விலகிய துப்பாக்கி பூட்டில் இல்லையென்றால் அது குற்றம்.

காருக்கும் இதே கேள்வி வரும். கடைக்குள் கொண்டு போக முடியாத இடமானால் காரில் வைக்கலாம், ஆனால் தோட்டாவை எடுத்துவிட்டு, வெளியே தெரியாதபடி, பூட்டிய பாதுகாப்புப் பெட்டியில். டாஷ்போர்டு பெட்டி கணக்கில் வராது என்று சட்டமே எடுத்துச் சொல்கிறது.

கேள்வி (யாங்கர்ஸ்): சட்டக் கேள்விகள் கேட்பார்களா? பயிற்சி வகுப்பில் சொன்னதே போதுமா?

பதில்: 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரம் சுட்டுப் பழகுவது, எழுத்துத் தேர்வில் 80 சதவீதம். இதை ஒழுங்காகச் செய்தவருக்கு நேர்காணலில் புதிதாக ஒன்றும் இல்லை. கேட்பது பெரும்பாலும் சூழ்நிலைக் கேள்விகள். "சிக்னலில் ஒருவன் இறங்கி வந்து உங்கள் கார் கண்ணாடியைத் தட்டிக் கத்துகிறான். என்ன செய்வீர்கள்?" கண்ணாடியை இறக்காமல், வழி இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன், 911-ஐக் கூப்பிடுவேன். இதுதான் பதில். துப்பாக்கியை எடுத்துக் காட்டுவேன் என்றால் அங்கேயே முடிந்தது.

நியூயார்க்கில், ஆபத்தில்லாமல் விலகிப் போக முடியும் என்று தெரிந்தால் விலகிப் போகத்தான் வேண்டும். அப்படி விலக முடிகிறபோது உயிரைப் பறிக்கும் பலத்தைப் பயன்படுத்த அனுமதி கிடையாது. சொந்த வீட்டுக்குள் இருக்கும்போது அந்தக் கட்டாயம் இல்லை. பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட முடியாது.

எங்கெல்லாம் கொண்டு போகக் கூடாது என்பதையும் மனப்பாடமாக வைத்திருங்கள்: சப்வே, பஸ், பள்ளி, நூலகம், மருத்துவமனை, பூங்கா, மது விற்கும் உணவகம், திரையரங்கு, டைம்ஸ் ஸ்கொயர். தடை உள்ள இடம் என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ கொண்டு போனால் அது பெரிய குற்றப் பிரிவில்தான் வரும்.

கேள்வி (பெயர், ஊர் வேண்டாம் என்றார்): இரண்டு வருஷமாக மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறேன். சொன்னால் நிராகரித்துவிடுவார்களா?

பதில்: மனநோய் எப்போதாவது இருந்ததா என்று விண்ணப்பம் கேட்கிறது, சொல்லித்தான் ஆக வேண்டும். சிகிச்சை எடுப்பதாலேயே தானாக மறுப்பு வந்துவிடாது. டாக்டரிடம் ஒரு கடிதம் கேட்பார்கள், நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்றால் அது உதவும்.

ஆனால் லைசென்ஸ் கிடைக்குமா என்பதைவிட உங்களிடம் வேறொன்று கேட்க விரும்புகிறேன். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. கெட்ட நேரம் வந்து போகும், கையெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் அது போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். டாக்டரிடம் லைசென்ஸ் விஷயத்தை வெளிப்படையாகப் பேசுங்கள், மனைவியிடமும் பேசுங்கள். அவர்கள் தயங்கினால் ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள். லைசென்ஸ் எங்கும் ஓடிப்போகாது. மனசு தாங்காத இரவானால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐக் கூப்பிடுங்கள், எந்த நேரமும் ஆள் இருப்பார்கள்.

கேள்வி (குயின்ஸ்): என் இங்கிலீஷ் சுமார். கோட் போட்டுக்கொண்டு போக வேண்டுமா?

பதில்: சுத்தமான சட்டை போதும். புரியாத கேள்வியை மறுபடி கேளுங்கள், புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். அடையாள அட்டை, கிரீன் கார்டு அல்லது பாஸ்போர்ட், பயிற்சிச் சான்றிதழின் அசல், விலாசச் சான்று, கோர்ட் தாள்கள். துப்பாக்கி ஏற்கெனவே வீட்டு லைசென்ஸில் இருந்தால் அதை எடுத்துப் போகாதீர்கள்.

கேள்வி (ராக்லண்ட்): நேர்காணல் முடிந்து மாதக்கணக்காகிறது, பதிலே இல்லை. மறுத்துவிட்டால் அவ்வளவுதானா?

பதில்: விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். தாமதம் என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நேர்காணல் தேதியை வைத்து எண்ணாதீர்கள், விண்ணப்பம் ஏற்றுக்கொண்ட தேதியைப் பாருங்கள். தாண்டிவிட்டால் மரியாதையாக ஒரு கடிதம் போடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுத்தாலும் காரணத்தை எழுத்தில்தான் தருவார்கள். அதை வைத்து 90 நாளுக்குள் மேல்முறையீட்டு விசாரணை கேட்கலாம். ஆர்டிகிள் 78 என்ற வழியில் கோர்ட்டுக்கும் போகலாம், அதற்குக் கெடு நான்கு மாதம். கடிதம் வந்த தேதியைக் கவரிலேயே எழுதி வையுங்கள், வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.