திருகோணமலையிலிருந்து நிகழ்ச்சிப் பதிவுகளை விற்பவர் ‘ஒப்பந்த விலகல்’ பொத்தானை வைக்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் உப்புவெளியில் நடனப் பட்டறைகளையும் கடற்பயணங்களையும் ஒழுங்கு செய்பவர். அவற்றோடு சூம் வழியாக ஒரு பயிற்சி வகுப்பும் நடத்துகிறார். ஜேர்மனியிலும் பிரான்சிலும் வாழும் எம்மவர்கள் அவருடைய தளத்தில் யூரோவில் பணம் செலுத்திப் பதிவு செய்கிறார்கள். ஐரோப்பாவில் 2026 ஜூன் 19 முதல் இணையத்தில் விற்பவர்கள் எல்லோரும் விலகல் பொத்தான் வைக்க வேண்டும் என்று ஓர் உறவினர் சொன்னாராம்; அது தன்னையும் கட்டுப்படுத்துமா என்பதே அவருடைய கேள்வி.

திருகோணமலையிலும் நிலாவெளியிலும் சுற்றுலாத் தொழில் செய்பவர்களுக்குப் பதிவுத் தளங்களை அமைத்துக் கொடுப்பது என்னுடைய தொழில். நான் சட்டத்தரணி அல்லன். ஆனால் இந்தப் பொத்தானை வடிவமைக்க வேண்டியிருந்ததால் விதிகளை வாசிக்க வேண்டியதாயிற்று. என் விடை சுருக்கமாக இதுதான்: இங்கே மண்ணில் நடக்கும் பட்டறைக்கும் படகுப் பயணத்துக்கும் பெரும்பாலும் தேவையில்லை, சூம் வகுப்புக்கு வைத்துவிடுங்கள்.

உறவினர் சொன்ன திகதி சரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/2673 ஆம் இலக்கப் பணிப்புரை (உறுப்பு நாடுகள் தம் சட்டத்தில் சேர்க்க வேண்டிய விதித்தொகுப்பு), 2011 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் பணிப்புரையில் 11அ என்று ஒரு புதிய உறுப்புரையைச் சேர்த்திருக்கிறது. ‘எல்லோரும்’ என்றதுதான் தவறு. புதிய உறுப்புரை எவருக்கும் புதிதாக ஒரு விலகல் உரிமையைக் கொடுக்கவில்லை. இணையத்தில் வாங்கியவர் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் விலகலாம் என்ற, ஏற்கெனவே இருந்த உரிமையைப் பயன்படுத்துவதற்கு ஓர் எளிய வழியைத் திறந்துவிடுகிறது, அவ்வளவே. ஆகவே உரிமை இல்லாத இடத்தில் பொத்தானுக்கும் கடமை இல்லை. நிகழ்ச்சி நடத்துபவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் 2011 ஆம் ஆண்டுப் பணிப்புரையின் 16 ஆம் உறுப்புரை, குறிப்பிட்ட திகதிக்கோ காலத்துக்கோ ஒப்புக்கொள்ளப்பட்ட ஓய்வுநேர நடவடிக்கைகளை 14 நாள் உரிமையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. காரணம் எளிது: ஓர் இடத்தை ஒருவருக்காக ஒதுக்கிவைத்த பின் அவர் கடைசி நேரத்தில் விலகினால், அந்த இருக்கையை வேறு ஆளுக்கு விற்பது கடினம். இசை நிகழ்ச்சிச் சீட்டை இடைத்தரகுத் தளம் ஒன்றின் ஊடாக வாங்கினாலும், விலகலால் வரும் நட்டம் ஏற்பாட்டாளரின் தலையில் விழுமாயின் இந்த விலக்கு பொருந்தும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 மார்ச் 31 அன்று, சீடிஎஸ் ஈவென்டிம் வழக்கில் (சீ-96/21) தீர்ப்பளித்தது.

இனி உங்கள் நேரடிப் பட்டறைக்கு வருவோம். ஆகஸ்ட் மாதத்தில் குறித்த ஒரு வாரத்துக்கு என்று விற்கப்படும் நடனப் பட்டறை, பொழுதுபோக்காகக் கற்பவர்களுக்கானது என்றால், மேற்சொன்ன விலக்குக்குள் வருகிறது என்று வாதிடலாம். அதைவிட உறுதியான இன்னொரு காரணமும் உண்டு. எந்த நாட்டுச் சட்டம் ஒப்பந்தத்துக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கும் ரோம் 1 ஒழுங்குவிதி, நுகர்வோருடைய நாட்டை நோக்கி வியாபாரத்தைச் செலுத்துபவர்களை அந்த நாட்டுப் பாதுகாப்புக்குக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் சேவை முழுவதும் நுகர்வோர் வாழும் நாட்டுக்கு வெளியே மட்டுமே வழங்கப்படுமானால் அந்தப் பாதுகாப்பு விதி பொருந்தாது என்று அதே ஒழுங்குவிதியின் 6 ஆம் உறுப்புரையின் 4 ஆம் பிரிவு சொல்கிறது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறா மலைத் தீவுக்குப் படகில் கூட்டிச் செல்லும் பயணத்தை ஜேர்மனியின் டோர்ட்முண்டில் வழங்க முடியாது. இதைக் கேட்டு ஒரு விருந்தினர்விடுதி உரிமையாளர் மிகவும் மகிழ்ந்தார். அவருக்குச் சொன்ன எச்சரிக்கையை உங்களுக்கும் சொல்கிறேன். தங்குமிடத்தையும் பயணத்தையும் சேர்த்துப் பொதியாக விற்றால் அதற்கு வேறு சட்டம் உண்டு. அதை இந்தப் பதிலில் நான் தொடவில்லை. அதேபோல உங்கள் நிகழ்ச்சியை ஐரோப்பாவில் பதிவுபெற்ற நிறுவனம் ஒன்று தன் பெயரில் விற்குமானால், அந்த விற்பனைக்கான கடமை அந்த நிறுவனத்தையே சாரும். ‘எப்போது வேண்டுமானாலும் வந்து பயன்படுத்தலாம்’ என்று திகதியில்லாமல் அது விற்கும் பரிசுச் சீட்டுக்கு மேற்சொன்ன திகதி விலக்கும் கைகொடுக்காது.

சூம் வகுப்பு வேறு கதை. மாணவி டோர்ட்முண்டில் தன் வீட்டு வரவேற்பறையில் இருந்து ஆடுகிறார். சேவை அங்கேயும் வழங்கப்படுகிறது. தளத்தில் ஜேர்மன் மொழிப் பக்கம், யூரோ விலை, அங்கே இருப்பவர்களை இலக்காக வைத்த முகநூல் விளம்பரம் எல்லாம் இருந்தால், நீங்கள் அந்தச் சந்தையை நோக்கி வியாபாரத்தைச் செலுத்துகிறீர்கள் என்பதற்கு அவை அடையாளங்கள். தளம் அங்கே திறக்கிறது என்பது மட்டும் போதாது என்று நீதிமன்றம் 2010 ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. ஒரே ஒரு மாலைநேர வகுப்பை ஓய்வுநேர நடவடிக்கை எனலாம்; ஆறு மாதம் நடந்து சான்றிதழும் தரும் பயிற்சியை அப்படிச் சொல்ல எனக்குத் துணிவு வராது. சுவிற்சர்லாந்து, பிரித்தானியா, கனடா ஆகியவை ஒன்றியத்துக்கு வெளியே இருப்பதால் இந்தப் பணிப்புரை அங்கே செல்லாது. ஆயினும் பிரித்தானியாவில் 2013 ஆம் ஆண்டு விதிகளின்படி 14 நாள் உரிமை உண்டு; ஆகவே நாட்டுக்கு நாடு பொத்தானைக் காட்டி மறைப்பதை விட, வகுப்புக்கு எல்லோருக்கும் ஒரே முறையை வைப்பதே வேலை குறைந்தது.

பொத்தானை எப்படி வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘ஒப்பந்தத்திலிருந்து இங்கே விலகலாம்’ என்பது போலக் குழப்பமில்லாத சொற்களில், வாசிக்கத்தக்க அளவில், எளிதில் கண்ணில்படும் இடத்தில் அது இருக்க வேண்டும். விலகல் காலம் முழுவதும் இயங்க வேண்டும். அழுத்தியதும் திறக்கும் படிவத்தில் பெயர், எந்தப் பதிவு என்பதற்கான அடையாளம், உறுதிப்படுத்தலை எங்கே அனுப்புவது என்ற மின்னஞ்சல் முகவரி ஆகிய மூன்றும் போதும். காரணம் கேட்கும் கட்டாயப் பெட்டியைத் தயவுசெய்து வைக்காதீர்கள். விலகுபவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். அடுத்து ‘விலகலை உறுதிப்படுத்துக’ என்ற இரண்டாவது பொத்தான். அது அழுத்தப்பட்டவுடன், அறிவித்தலின் உள்ளடக்கமும் அது அனுப்பப்பட்ட திகதியும் நேரமும் கொண்ட ஒப்புதல் தாமதமின்றி மின்னஞ்சலில் போக வேண்டும். பதிவு செய்தபோது கணக்குத் திறக்கச் சொல்லாத தளம், விலகும்போது மட்டும் கணக்குத் திறக்கச் சொல்வது முறையல்ல. பொத்தான் இருந்தாலும் ஒருவர் சாதாரண மின்னஞ்சலில் ‘நான் விலகுகிறேன்’ என்று எழுதினால் அதுவும் செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நேரக் கணக்கு ஒன்று இங்கே சிக்கலாகிறது. எங்கள் தளங்களின் வழங்கிகள் பெரும்பாலும் கொழும்பு நேரத்துக்கு அமைக்கப்பட்டிருக்கும். கோடையில் ஜேர்மனியில் நள்ளிரவாகும்போது திருகோணமலையில் அதிகாலை 3.30, குளிர்காலத்தில் 4.30. பொத்தான் எங்களுடைய நள்ளிரவில் மறைந்தால், அங்கே இருப்பவர் தன் கடைசி நாளில் கோடையானால் இரவு எட்டரைக்கே, குளிர்காலமானால் ஏழரைக்கே கதவு மூடப்பட்டிருப்பதைக் காண்பார். அதனால் ஒப்பந்தம் செய்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் அடுத்த நாளிலிருந்து 14 நாட்களை எண்ணி, வாடிக்கையாளரின் நேரப்படி முடித்து, அதற்கு மேலும் ஒரு நாள் விட்டுவிடுகிறேன். கடைசி நாள் சனியோ ஞாயிறோ பொது விடுமுறையோ என்றால் அடுத்த வேலை நாள் வரை நீளும் என்பதால், உண்மையில் ஒரு நாளை விட அதிகமாகவே விடுவது நல்லது.

பணம் திருப்பும் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். அறிவித்தல் கிடைத்து 14 நாட்களுக்குள், செலுத்திய அதே வழியில், முழுத் தொகையும் திரும்ப வேண்டும்; அட்டைக் கொடுப்பனவு நிறுவனம் பிடித்துக்கொண்ட கட்டணத்தை வாடிக்கையாளரிடமிருந்து கழிக்க முடியாது. வகுப்பை 14 நாட்களுக்குள்ளேயே தொடங்கும்படி அவர் வெளிப்படையாகக் கேட்டிருந்து, அதன் விளைவும் அவருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தால் மட்டுமே நடந்த வகுப்புகளுக்கான பங்கை வைத்துக்கொள்ளலாம். விலகல் உரிமையைப் பற்றி அறிவிக்கவே மறந்தால் 14 நாட்கள் முடிந்த பின்னும் அந்த உரிமை மேலும் 12 மாதங்களுக்கு நீளும். பொத்தான் இல்லாததை விட இந்த மறதிதான் செலவு மிக்கது.

கடைசியாக, நேரடிப் பட்டறைக்கு நீங்களாகவே ஏதாவது சலுகை கொடுக்க விரும்பினால் அதைத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதற்கு அதே விலகல் பொத்தானைப் பயன்படுத்தாதீர்கள். ‘பதிவை இரத்துச் செய்க’ என்று வேறாக வைத்து, எத்தனை நாட்களுக்கு முன் சொன்னால் எவ்வளவு திரும்பும் என்பதை அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். கடல் கொந்தளித்துப் படகை நீங்களே நிறுத்தும் நாட்களுக்கு மூன்றாவது ஒரு வரி வேண்டும், ஏனெனில் அது வாடிக்கையாளர் விலகியதும் அல்ல, இரத்துச் செய்ததும் அல்ல.