கரோக்கி இரவு: பெரிய அரங்கத்துக்கும் அதே கட்டணமா?

இசை மட்டும் ஒலிக்க, வந்தவர்களே பாடும் கரோக்கி இரவுகளை நடத்தித் தரும் நீங்கள், பெரிய அரங்கத்துக்கு எவ்வளவு கேட்பது, குறைந்தால் பாடுகிறவர்களிடம் வசூலிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 30 பேர் அமரும் கஃபேயில் வாங்கும் தொகையையே 200 பேர் கூடும் அரங்கத்திலும் கேட்காதீர்கள். அதற்காகத் தலைக்கணக்கில் பெருக்கவும் வேண்டாம். உங்கள் நேரத்துக்கு ஒரு தொகை, கருவிகளுக்கும் உதவி ஆளுக்கும் தனித் தொகை என்று பிரித்துச் சொல்லுங்கள்.

பெரிய இடத்தில் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்றால், பாடும் 4 மணி நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்திருப்பீர்கள். ஸ்பீக்கர் ஏற்றுவது, வயர் இழுப்பது, சவுண்ட் செக், கடைசியில் கழற்றுவது எல்லாமே வேலைதான். அடுத்த முறை வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை நேரத்தைக் குறித்து, செலவு போக மிஞ்சியதை அந்த மணிகளால் வகுத்துப் பாருங்கள். கஃபேயைவிடக் குறைவாக வந்தால் காரணம் இதுதான்.

பாடுகிறவர்களிடம் வசூலித்து ஈடுகட்டலாம் என்ற உங்கள் யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. ஆள் மாறும் நேரத்தோடு ஒரு பாட்டுக்கு 5 நிமிடம் வைத்தால், 4 மணி நேரத்தில் 48 பாட்டுதான். பணம் கட்டிவிட்டுப் பாடாமல் திரும்புகிறவர் மறுபடி வரமாட்டார், பாவம்.

அப்புறம், பொது இடத்தில் பாட்டு ஒலிக்க உரிமம் எடுப்பது யார் பொறுப்பு என்பது நாட்டுக்கு நாடு மாறும். தொகை சொல்லும் முன்பே இடத்துக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.