ராத்திரி மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: வயது 38. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். படபடப்பு, மூச்சுமுட்டல் என்று இசிஜி எடுத்ததில் இதயத்தில் கோளாறு இல்லை. மனநல மருத்துவர் காலையில் எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி., ராத்திரி குளோனசிபாம் 0.5 மி.கி. எழுதினார். எட்டு மாதமாக அதே சீட்டைக் காட்டித்தான் வாங்குகிறேன். போன மாதம் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது ராத்திரி மாத்திரையை எடுத்துப்போக மறந்துவிட்டேன். இரண்டாம் நாளிலிருந்து தூக்கமே இல்லை. பந்தியில் சாம்பார் வாளி பிடித்த கை நடுங்கியது. வீட்டுக்கு வந்து மாத்திரை போட்ட பிறகுதான் சரியானது. “அடிமையாகிட்டே, ரெண்டையும் தூக்கிப் போடு” என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: தூக்கிப் போடாதீர்கள். மாமியாரின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் அது ராத்திரி மாத்திரைக்கு மட்டும்தான்.

பதற்றத்தைக் குறைக்கும் காலை மாத்திரை பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். ஆரம்பத்தில் சிலருக்குப் பதற்றம் கொஞ்சம் கூடவும் செய்யும். அந்த வாரங்களைத் தாண்டுவதற்குத்தான் குளோனசிபாமைச் சேர்த்துத் தருவது வழக்கம். சீட்டை எடுத்துப் பாருங்கள், அதற்கு நேரே குறைந்த நாட்கள்தான் எழுதியிருக்கக்கூடும். தொடர்ந்து சில வாரம் போட்டாலே உடம்பு இதற்குப் பழகிவிடும். கல்யாண வீட்டில் கை நடுங்கியது அதனால்தான் என்று நினைக்கிறேன். இதைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு வலிப்புகூட வரலாம். எஸ்சிட்டலோபிராமுக்கு அந்த மாதிரி ஏக்கம் கிடையாது. ஆனால் அதையும் பட்டென்று விட்டால் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரலாம்.

அதனால் இப்போதைக்கு இரண்டையும் அதே அளவில் போட்டுக்கொண்டு, இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். எட்டு மாதம் போட்டதையும் கை நடுங்கியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் ஆகும். ஒரு படியில் சிரமமாக இருந்தால் அங்கேயே சில நாள் நிற்கலாம். வீட்டில் நீங்களாக உடைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

அப்புறம் அந்தப் பழைய சீட்டு. குளோனசிபாம் மருத்துவரின் சீட்டின் பேரில்தான் கொடுக்க வேண்டிய மருந்து. தெரிந்த முகம் என்று மெடிக்கல் ஷாப்காரர் எட்டு மாதமாக எடுத்துக் கொடுத்தது உங்களுக்குச் செய்த உதவியே அல்ல.

குளோனசிபாம் உள்ளே போகிற வரை மது கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும். இருமல் சிரப், அலர்ஜி மாத்திரை, டிரமடால் கலந்த வலி மாத்திரை எதுவானாலும் கேட்காமல் போடாதீர்கள். காலையில் கண் சொக்கினால் அன்றைக்கு ஸ்கூட்டியை எடுக்க வேண்டாம், பஸ்ஸில் போங்கள். தூக்கம் வரவில்லை என்று மாமியாரே ஒன்று கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். வயதானவர்கள் ராத்திரி தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவது இப்படித்தான்.

மருத்துவரைப் பார்க்க நாளாகும் என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் எண் அது. இலவசம், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். வலிப்பு வந்தாலோ பேச்சு குழறினாலோ போனில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.